பதிவேட்டைத் திறந்து பாருங்கள்

ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியேற்கும் இளம் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மருத்துவர்களே,

தேர்வு வாரியத்தின் பட்டியலில் பெயர் பார்த்து, கலந்தாய்வில் ஊர் பார்த்து, பணி ஆணையோடு கிளம்பியிருக்கிறீர்கள். சிலருக்குச் சொந்த மாவட்டத்திலேயே இடம் அமைந்திருக்கும். பலருக்குப் பேருந்து மாறிப் போக வேண்டிய ஊர். எந்த ஊரானாலும் காலையில் நீங்கள் போய் இறங்கும்போது புறநோயாளிகள் வரிசை உங்களுக்காகக் காத்திருக்கும். அந்த வரிசையைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியது எதுவும் இல்லை. அதற்கான பயிற்சி உங்களுக்கு நன்றாகவே கிடைத்திருக்கிறது. வரிசைக்கு வெளியே இருக்கும் வேலையைப் பற்றித்தான், பொது சுகாதாரத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் அரசின் மருத்துவப் பணி மூன்று இயக்குநரகங்களாக நிற்கிறது. கல்லூரி மருத்துவமனைகள் ஒன்றின் கீழ், வட்ட, மாவட்ட மருத்துவமனைகள் இன்னொன்றின் கீழ். நோய் வராமல் தடுப்பதையே முதல் வேலையாகக் கொண்ட மூன்றாவது இயக்குநரகம்தான் உங்களுடையது. இப்படி ஒரு தனித் துறை இருப்பதை நாம் இயல்பான ஏற்பாடாக எடுத்துக்கொள்கிறோம். இந்தியாவின் பெரும்பாலான மாநிலங்களில் இது இல்லை. இது எப்படி வந்தது, எதனால் நிலைத்தது என்று கல்லூரியில் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். எஸ்.பி.எம். என்ற சமூக மருத்துவப் பாடத்தைத் தேர்வுக்கு முந்தைய இரவுகளில் பார்க் (Park) எழுதிய பாடநூலிலிருந்து படித்துக் கடந்து வந்தவர்கள்தான் நாம் எல்லோருமே.

குடிமக்களின் உடல்நலம் அரசின் பொறுப்பு என்ற எண்ணம் இந்த மண்ணில் ஒரே நாளில் முளைக்கவில்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையின் தொடக்கம் 1664. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைவீரர்களுக்காகத் திறந்த சிறிய மருத்துவமனை அது. சுகாதாரத்துக்கென்று அரசில் ஒரு பதவி உருவாகப் பிறகு இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. அதுவும் சிப்பாய்களுக்காகத்தான். 1857 எழுச்சிக்குப் பிறகு 1859-இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம், இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் வீரர்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் வீதம் செத்துக்கொண்டிருந்ததை 1863-இல் சொன்னது. அவர்களைக் கொன்றது போர்முனை அல்ல. வாந்திபேதியும் காய்ச்சலும் சீதபேதியும்தான் பெரும்பாலோரைக் கொண்டுபோயின. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு லண்டனில் இருந்தபடியே விடாமல் வாதாடினார். 1864-இல் சென்னை, பம்பாய், வங்காளம் மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் அமைந்தன. படைமுகாமைச் சுத்தமாக வைத்தாலும் பக்கத்து ஊர் நாறினால் நோய் முகாமுக்குள் வரத்தான் செய்யும் என்பதை அதிகாரிகள் மெல்ல உணர்ந்தார்கள். அரசின் பார்வை ஊர்ப்பக்கம் திரும்பிய கதை இதுதான். அன்பில் தொடங்கிய கதை என்று இதைச் சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பதவியில் உட்கார்ந்தவர்களில் ஒருவர், பதவி கொடுத்தவர்கள் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். டபிள்யூ. ஆர். கார்னிஷ் என்ற அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கார்னிஷ் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர். மாகாணத்தின் 1871-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையை எழுதியவரும் அவரே. ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் சாகிறார்கள் என்பதை எண்களாகப் பார்க்கப் பழகிய மனிதர். 1876-இல் மழை பொய்த்தது. நம் பாட்டன் பூட்டன்கள் தாது வருடப் பஞ்சம் என்று சொன்ன பெரும்பஞ்சம் அது. மக்கள் நிவாரண வேலைத்தளங்களில் கல்லுடைத்தும் மண் சுமந்தும் கூலி வாங்கினார்கள். 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன், செலவைக் கட்டுப்படுத்த சர் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார். இந்த டெம்பிள்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன் பீகார்ப் பஞ்சத்தில் தாராளமாகத் தானியம் வாங்கிக் கொடுத்து உயிர்களைக் காத்தவர். காத்ததற்குக் கிடைத்தது பாராட்டு இல்லை, ‘வீண்செலவு’ என்ற வசவு. அந்த வசவின் காயத்தோடு சென்னைக்கு வந்தவர், ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடவே ஒரு அணா போதும் என்று நிர்ணயித்தார். பெண்களுக்கும் வேலை செய்யும் குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைவு.

கார்னிஷ் இதை எதிர்த்தார். கடும் உடலுழைப்பு செய்கிறவனுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேண்டும், வெறும் தானியம் போதாது, பருப்பும் காய்கறியும் சேர வேண்டும் என்று வாதாடினார். வைஸ்ராய் அனுப்பிய பெரிய மனிதரோடு மாகாணத்தின் மருத்துவ அதிகாரி எழுத்திலேயே மோதினார். அவர் கேட்டது முழுமையாகக் கிடைக்கவில்லை. 1877 மார்ச்சில் சென்னை அரசு தானியத்தை ஒன்றேகால் பவுண்டாக உயர்த்திச் சிறிது பருப்பையும் சேர்த்தது. அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். பஞ்சம் முடியும்வரை பல லட்சம் பேர் போனார்கள். ஆனாலும் ஒரு மனிதன் உயிரோடிருக்க எவ்வளவு சோறு வேண்டும் என்பது கஜானா தீர்மானிக்கும் விஷயம் இல்லை, உடலறிவு தீர்மானிக்கும் விஷயம் என்று அரசுக்குள்ளிருந்தே ஒரு மருத்துவர் எழுதிவைத்தார். உங்கள் பதவியின் வேரைத் தேடினால் அந்தக் கோப்பில் போய் நிற்கலாம். அரசு மருத்துவர் என்றால் அரசு சொல்வதைச் செய்பவர் மட்டுமில்லை. அரசுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்பவரும்தான்.

இருபது ஆண்டுகள் கழித்து நடந்தது வேறு மாதிரியான பாடம். 1896-இல் பம்பாயில் பிளேக் நுழைந்தது. 1897-இல் கொள்ளைநோய்ச் சட்டம் அவசரமாகப் பிறந்தது. நான்கே பிரிவுகள். அதிகாரிகளுக்கு வானளாவிய அதிகாரம். வீடு புகுந்து சோதனை, பெண்களைப் பொது இடத்தில் நிறுத்திப் பார்ப்பது, உடைமைகளை எரிப்பது என்று புனேயில் நடந்த கெடுபிடி, பிளேக் அதிகாரி ராண்டின் கொலையில் போய் முடிந்தது. நோயைவிட நோய் தடுக்க வந்தவனுக்கு ஜனங்கள் அதிகம் பயந்தார்கள். நம் பக்கமும் அம்மை குத்துபவர் வருகிறார் என்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறமாக ஓடிய காலம் நெடுநாள் இருந்தது. அப்படி ஓடிய தாயை அறியாமை என்று ஒரு சொல்லால் தள்ளிவிடாதீர்கள். அவள் வீட்டுக்கு அரசு அதுவரை எதற்காக வந்திருந்தது? வரி கேட்க வந்திருந்தது. திடீரென்று ஊசியோடு வந்தால் அவள் எதை நம்புவாள்?

அந்த நம்பிக்கை மெதுவாக, ஆள் ஆளாகச் சேர்ந்தது. 1899-இல் சென்னை மாகாணத்தின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு கிண்டியில் கிங் நிலையம் உருவாகி, அம்மைத் தடுப்புக்கான பால் இங்கேயே தயாராகத் தொடங்கியது. சுகாதார ஆணையர் டபிள்யூ. ஜி. கிங்கின் பெயர் அதற்கு. ஊசிபோடுபவர் தெருத்தெருவாக நடந்தார், பதிவேடு நிரம்பியது. பெரியம்மை இந்தியாவில் கடைசியாகக் கண்டது 1975-இல். இன்று அந்த நோயைப் படத்தில்தான் பார்த்திருப்பீர்கள்.

1919 சீர்திருத்தம் பொது சுகாதாரத்தை மாகாண அமைச்சர்களின் கையில் கொடுத்தது. வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் முதன்முறையாக அந்தப் பொறுப்பில் அமர்ந்தார்கள். பனகல் அரசர் ஆட்சியில் இருந்த 1922-இல் சென்னை மாகாணத்துக்குப் பொது சுகாதாரத்துக்கென்றே தனித் துறை அமைந்தது. உங்கள் துறைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது.

அடுத்து வந்ததுதான் நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டியது: 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம். ராஜாஜி மாகாணப் பிரதமராகவும், மருத்துவரான டி. எஸ். எஸ். ராஜன் சுகாதார அமைச்சராகவும் இருந்த ஆட்சியில் வந்தது. இந்தியாவில் இப்படி ஒரு முழுமையான சட்டத்தை முதலில் செய்த மாகாணம் நம்முடையது. குடிநீர், சாக்கடை, கழிப்பிடம், கொசு, தொற்றுநோய், தாய்சேய் நலம், உணவு, விடுதிகள், திருவிழாக்கள் என்று மனிதர் கூடுகிற, உண்கிற, குடிக்கிற இடமெல்லாம் அதில் வருகிறது. தன் வளவுக்குள் கொசு உற்பத்தியாக விட்டவரைக் கேள்வி கேட்க அது சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. கெட்ட தண்ணீர் ஊறும் கிணற்றை மூடச் சொல்லவும் இடம் தருகிறது.

அதிகாரம் தந்ததோடு அந்தச் சட்டம் நிற்கவில்லை. பணத்தையும் கட்டிப்போட்டது. அரசு மானியம் நீங்கலான வருமானத்தில் நகராட்சிகள் குறைந்தது 30 சதவீதமும் மாவட்ட போர்டுகள் 12.5 சதவீதமும் சுகாதாரத்துக்கென்று ஒதுக்கியே ஆக வேண்டும் என்றது. சட்டம் எழுதியவர்களுக்கு ஊரின் குணம் தெரிந்திருந்தது. சாலை போட்டால் பெயர் வரும், கட்டடம் கட்டினால் கல்வெட்டு வரும். சாக்கடைக்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்? அதனால்தான் முதலிலேயே எடுத்துவைக்கச் சொன்னார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது 1897-இன் சட்டத்தோடு இந்த 1939-இன் சட்டத்தையும்தான் நம் அரசு கையில் எடுத்தது. முகக்கவசம் இல்லாவிட்டால் அபராதம் என்ற திருத்தம் இதில்தான் சேர்ந்தது. எண்பது வயதுச் சட்டம் நெருக்கடியில் எழுந்து நின்றது.

(இதே ராஜாஜிதான் 1955-இல் பி.சி.ஜி. தடுப்பூசியை எதிர்த்துத் தனிப் புத்தகமே எழுதினார். அவர் வாதத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் கிண்டியில் பி.சி.ஜி. தயாரித்துக்கொண்டிருந்தவர்கள் அந்த எதிர்ப்புக்குப் பொதுவெளியில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அது நல்லதே. தடுப்பூசி பற்றி உங்கள் ஊரில் யாராவது கேள்வி கேட்டால் எரிச்சல் படாமல் பதில் சொல்லுங்கள்; மூதறிஞர் என்று போற்றப்பட்டவருக்கே வந்த சந்தேகம்தான் அது.)

விடுதலையை ஒட்டி வந்த போர் (Bhore) குழு அறிக்கையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 1943-இல் அமைக்கப்பட்டு 1946-இல் அறிக்கை தந்தது. பணம் இல்லை என்ற காரணத்தால் ஒருவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்ற கொள்கையும் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற அமைப்பும் அதன் கொடை. நம் ஏ. லட்சுமணசாமி முதலியார் அதில் உறுப்பினர். அந்தக் குழு மருத்துவத்தையும் பொது சுகாதாரத்தையும் ஒன்றாக இணைக்கச் சொன்னது. நோக்கம் உயர்ந்தது: தடுப்பும் சிகிச்சையும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது. நடைமுறையில் நடந்தது வேறு. மத்தியிலும் பெரும்பாலான மாநிலங்களிலும் இரண்டும் இணைந்தபோது மருத்துவமனை பொது சுகாதாரத்தை விழுங்கியது. நோயாளி முன்னால் நின்று முனகுகிறார். வராத நோய் முனகுவதில்லை. பணமும் ஆளும் முனகல் கேட்ட பக்கம் போயின. தமிழ்நாடோ தன் பழைய துறையைத் தனியாகவே வைத்துக்கொண்டது. தனி இயக்குநர், தனி நிதி, பொது சுகாதாரத்தில் பட்டயமோ பட்டமோ பெற்ற மாவட்ட அதிகாரிகள். உலக வங்கியின் ஆய்வாளர் மோனிகா தாஸ் குப்தாவும் உடன் பணியாற்றியவர்களும் தமிழ்நாட்டை ஆராய்ந்து 2010-இல் எழுதிய கட்டுரையில் நம் வெற்றிக்குச் சுட்டிய முக்கியக் காரணம் இந்த ஏற்பாடுதான்.

2004 டிசம்பர் 26-ஐ நினைத்துப் பாருங்கள். உங்களில் பலர் அப்போது சிறுபிள்ளைகள். கடலோரம் முழுக்கப் பிணங்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குடிநீர் உப்பாகிவிட்டது. முகாம்களில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள். காலரா வரும், தட்டம்மை வரும் என்று உலகமே எதிர்பார்த்தது. வரவில்லை. மற்ற மாவட்டங்களிலிருந்து சுகாதார ஆய்வாளர்களும் செவிலியர்களும் லாரிகளில் பிளீச்சிங் பவுடரோடு போய் இறங்கினார்கள். தண்ணீர்த் தொட்டி ஒவ்வொன்றிலும் குளோரின் பார்த்தார்கள். முகாம் முகாமாகக் குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டார்கள். வராத காலராவைப் பற்றி எந்தப் பத்திரிகையும் தலைப்புச் செய்தி போடவில்லை. அது ஏன் வரவில்லை என்பது துறையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஏழை வீட்டில் வைத்தே ஏழையைக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குச் சொன்னதும் சென்னைதான். காசநோய்க்கு அந்நாளில் சானடோரியம்தான் கதி. நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு. அத்தனை பேருக்கும் அத்தனை படுக்கைக்கு எங்கே போவது? 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த ஆய்வில் நோயாளிகளில் பாதிப்பேர் சானடோரியத்தில், மீதிப்பேர் நெருக்கடியான குடிசைகளில், போதாத சாப்பாட்டோடு. இரு பக்கமும் ஒரே மருந்து, ஓராண்டுக் காலம். 1959-இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழச் சமமாகத் தேறியிருந்தார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. உலகமே சானடோரியங்களைக் கைவிடத் தொடங்கியதற்குப் பின்னால் இருந்த பெரிய சான்றுகளில் இது ஒன்று. மாத்திரை விடாமல் சாப்பிடுகிறாரா என்று வீடு தேடிப் போய்ப் பார்த்த ஊழியர்கள் இல்லாவிட்டால் அந்த ஆய்வே இல்லை. இன்று உங்கள் நிலையத்தில் காசநோய் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும் பணியாளர் அந்த மரபின் ஆள்.

நரம்புச் சிலந்தி என்றொரு நோய் இருந்தது. காலில் கொப்புளம் வெடித்து நூல்போல் புழு வெளிவரும். படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டவர்களின் காலிலிருந்து புழுவின் குஞ்சுகள் நீரில் கலந்து, அதைக் குடித்தவர்களுக்குப் போகும். இதற்கு மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. படிக்கிணறுகளை இறைகிணறுகளாக மாற்றியும் தண்ணீரை வடிகட்டியும்தான் அதை ஒழித்தார்கள். 2000-இல் இந்தியா இந்நோய் அற்ற நாடாகச் சான்று பெற்றது.

இனி உங்கள் நிலையத்தின் உண்மையான முதுகெலும்புக்கு வருகிறேன். கிராம சுகாதாரச் செவிலியர்.

ஐயாயிரம் பேருக்கு ஒருவர், மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. தமிழ்நாட்டில் 8,700-க்கும் மேற்பட்ட துணை சுகாதார நிலையங்கள் இவர்களின் தோளில் நிற்கின்றன. எந்தத் தெருவில் எந்தப் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பது அவள் மாமியாருக்கு முன்பாக இந்த அக்காவுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் கனமான பதிவேட்டைச் சுமந்தார்கள். இன்று அதோடு கணினிப் பதிவும் சேர்ந்திருக்கிறது. 2001–03 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். அப்போது இந்தியச் சராசரி 301. 2018–20-இல் தமிழ்நாட்டில் 54, இந்தியாவில் 97. இந்த இறக்கத்துக்குப் பல காரணங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று செவிலியர்களைப் போட்டு இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தது ஒன்று. முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987-இல் முந்நூறு ரூபாயில் தொடங்கிய மகப்பேறு உதவி, 2006-இல் ஆறாயிரமாகி, 2011-இல் பன்னிரண்டாயிரமாகி, 2018-இல் பதினெட்டாயிரமாக வளர்ந்தது இன்னொன்று. ஆனால் நான் முதலிடத்தில் வைப்பது, ஒவ்வொரு தாய் மரணத்தையும் தனித்தனியாக எடுத்து விசாரிக்கும் வழக்கத்தை. எந்த வீட்டில் தாமதம், எந்த வண்டி கிடைக்கவில்லை, எந்த மருத்துவமனையில் ரத்தம் இல்லை என்று மாவட்ட ஆட்சியர் வரை உட்கார்ந்து கேட்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருநாள் நீங்களும் எழுந்து நிற்க வேண்டி வரும். உங்களைத் தண்டிக்க நடப்பதாக நினைத்து எதையும் மறைக்காதீர்கள். அடுத்த தாய் பிழைப்பது நீங்கள் சொல்லும் உண்மையில் இருக்கிறது.

உங்கள் மருந்தகத்தின் அலமாரியையும் பாருங்கள். அரசு முத்திரை அச்சிட்ட அந்த மாத்திரை அட்டைகள் 1990-களின் நடுப்பகுதிக்கு முன் கிடையாது. ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியாக, அதிக விலைக்கு, என்ன தரம் என்று தெரியாமல் வாங்கிக்கொண்டிருந்தது. ஆண்டின் பாதியில் சரக்கு தீர்ந்துவிடும். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பதிவானது. அடுத்த ஆண்டு மருந்து வாங்கத் தொடங்கியது. இன்றியமையாத மருந்துகளின் பட்டியல், வேதிப்பெயரில் மட்டும் வெளிப்படையான ஒப்பந்தப்புள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு, ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து நிறுவனத்தின் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்புதல், மருத்துவமனைக்கு வங்கிபோல் ஒரு பாஸ்புக். எளிய கணக்குப்பிள்ளை வேலைதான். மருந்து விலை சரிந்தது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. உங்களிடம் வரும் முதியவர் ‘கவர்மெண்ட் மாத்திரை கேக்காது சார்’ என்பார். அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். வெளியே வாங்க எழுதிக்கொடுத்து அவர் சந்தேகத்தை உறுதிப்படுத்தாதீர்கள்.

இப்போது எனக்குள்ள கவலையையும் சொல்லிவிடுகிறேன். 2009-இல் தொடங்கிய அரசு மருத்துவக் காப்பீடு பல குடும்பங்களைக் கடனிலிருந்து காத்திருக்கிறது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் காப்பீட்டு அட்டை நோய் வந்த பிறகுதான் வேலை செய்யும். சர்க்கரை நோயாளியின் சிறுநீரகம் கெட்ட பிறகு டயாலிசிஸுக்குப் பணம் தரும். கெடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை உங்கள் நிலையத்தினுடையது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனதை நான் பழைய மரபின் தொடர்ச்சியாகவே பார்க்கிறேன். மாத்திரை கொடுத்ததோடு நிற்காமல் அளவு கட்டுக்குள் வந்ததா என்று பார்க்கிற வரை அதை இழுத்துச் செல்ல வேண்டியவர் நீங்கள்.

இன்னும் முடியாத வேலைகள் இருக்கின்றன. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர், 53.4 சதவீதம் பேர், ரத்தசோகையோடு இருக்கிறார்கள். அதே கணக்கெடுப்பில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் அறுவைச் சிகிச்சை. தனியார் மருத்துவமனைகளில் 64. எல்லாப் பிரசவத்தையும் மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சாதித்த மாநிலத்தில், கொண்டுவந்த பிறகு என்ன செய்கிறோம் என்ற கேள்வி எழுந்து நிற்கிறது. இதையெல்லாம் தாங்கும் களப்பணியில் நிரந்தர வேலை இல்லாமல் ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில் ஓடும் பணியாளர்களும் நிறைய. தெருத்தெருவாகக் கொசுப்புழு பார்க்கும் பெண்ணுக்கு அடுத்த மாதம் வேலை உண்டா என்று தெரியாது. அவர்களுக்காக அரசுக்கு எழுத வேண்டியவரும் நீங்கள்தான். கார்னிஷ் கேட்டதைவிடப் பெரிதாக எதையும் கேட்டுவிடப் போவதில்லை.

பணியில் இருப்போருக்கான மேற்படிப்பு ஒதுக்கீட்டை மனத்தில் வைத்துத்தான் உங்களில் பலர் இந்தப் பணிக்கு வருகிறீர்கள். தவறே இல்லை. அந்த ஒதுக்கீட்டுக்காகத் தமிழக மருத்துவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் 2020-இல் வென்றார்கள். ஊர்ப்புறத்தில் உழைத்தவருக்கு மாநிலம் செய்யும் நியாயமான கைம்மாறு அது. படியுங்கள், நிபுணராகுங்கள். அதுவரை அந்த ஊர் உங்களுடையது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். உங்களில் இரண்டொருவராவது பொது சுகாதாரத்தையே மேற்படிப்பாக எடுத்து மாவட்ட அதிகாரிகளாக வர வேண்டும் என்பது என் ஆசை. தகுதி பெற்ற ஆட்கள் வராமல் போனால் இந்தத் தனித் துறையை யாரும் கலைக்க வேண்டியதில்லை. தானாகவே பெயரளவுக்கு ஆகிவிடும்.

பணியேற்ற முதல் வாரத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள். சுகாதார ஆய்வாளரைக் கூட்டிக்கொண்டு ஊரின் மேல்நிலைத் தொட்டிக்குப் போங்கள். டேங்க் ஆபரேட்டரிடம் நேற்று எப்போது குளோரின் போட்டார் என்று கேளுங்கள். கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குளோரோஸ்கோப்பில் நீங்களே நிறம் பாருங்கள். பிறகு துணை சுகாதார நிலையத்துக்குப் போய்க் கிராம சுகாதாரச் செவிலியரோடு உட்கார்ந்து அவருடைய பதிவேட்டைத் திறந்து, இந்த மாதம் பிரசவத்துக்கு இருக்கும் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசியுங்கள். யாருக்கு ரத்தசோகை, யாருக்கு முன்பு அறுவை நடந்தது, யார் வீட்டிலிருந்து வண்டி வர வழியில்லை என்று அவர் சொல்வார். குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு அந்தக் குறிப்போடு போய், ஊராட்சி சுகாதாரத்துக்கு எவ்வளவு செலவிடுகிறது என்று எழுந்து கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அன்புடன்,
உங்களுக்கு முன் இந்தத் துறையில் பணியாற்றிய ஒருவன்